தண்டவாளம் யாருடைய முதுசம்?

கொழும்பில் சில காலமாக ஒரு மோகம் பரவி வருகின்றது. ஞாயிறு காலைகளில், வெயில் ஏறுமுன், இளைஞர்களும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய கோச்சிப் பாதைகளையும் பாலங்களையும் தேடி நடக்கின்றார்கள். எங்கே ஒரு காலத்தில் தண்டவாளம் கிடந்தது, எந்த மதகு எந்த ஆண்டில் கட்டப்பட்டது, எந்தத் தூணில் எந்த ஆங்கிலேயக் கம்பனியின் முத்திரை இருக்கின்றது என்பதையெல்லாம் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்கின்றார்கள். பளபளப்பான தாளில் ஆங்கிலப் புத்தகங்களும் வருகின்றன. இதை நான் கேலி செய்யவில்லை. அழியப்போகும் ஒன்றைப் பார்த்து வைப்பது நல்ல காரியமே.

ஆனால் இலக்கியக் கூட்டமொன்றில் இது பற்றிப் பேச்செடுத்தபோது எமது எழுத்தாளர் ஒருவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. "அது வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்பு. பறங்கியருக்கும் பணக்காரருக்கும் பொழுதுபோக்கு. எமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" கூட்டத்திலிருந்த பலர் தலையாட்டினார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலோடுதான் சண்டை பிடிக்கின்றது. கமராக்காரரோடும் எனக்குக் கணக்குண்டு. அது சின்னக் கணக்கு. பெரிய கணக்கு எம்மவரோடுதான்.

முதலில் சின்னக் கணக்கைத் தீர்த்துவிடுவோம்.

1858இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதற் புகையிரதம் ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. பொறியியலாளர் மோல்ஸ்வர்த், ஒப்பந்தகாரர் ஃபவியெல். பாதை ஆர்வலர்கள் இவற்றை மனப்பாடமாகச் சொல்வார்கள். தண்டவாள இடைவெளி ஐந்தரை அடி என்பதையும் சொல்வார்கள். மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரிப் பக்கமாக இருக்கும் அந்தப் பழைய கொழும்பு முடிவிடக் கட்டடத்தின் முன் நின்று படமெடுப்பார்கள். 2009இல் அங்கே புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டதையும், 2014இல் அது கடுகண்ணாவைக்கு இடம் மாறியதையும் பற்றி மனம் நொந்து பேசுவார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அவர்களுடைய வரலாற்றின் இலக்கணத்தைக் கவனியுங்கள். கட்டளை இட்டவருக்கு மட்டும் எழுவாய் உண்டு. வேலை செய்தவருக்குச் செயப்பாட்டு வினைதான். ஆளுநர் வெட்டினார், பொறியியலாளர் வரைந்தார். ஆனால் மண் "அள்ளப்பட்டது", கல் "உடைக்கப்பட்டது", சிலிப்பர் கட்டை "இடப்பட்டது". யாரால்? வாக்கியம் அங்கே முடிந்துவிடும். எட்டாம் வகுப்பில் செயப்பாட்டு வினை படிப்பித்த ஆசிரியர், எழுவாயை மறைப்பதற்கே சில வேளை இந்த வினை பயன்படும் என்று எமக்குச் சொல்லித் தரவில்லை.

அவர்களுடைய புகைப்படங்களிலும் இதே இலக்கணம்தான். மாளிகாவத்தை, தெமட்டகொடைப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி வாழும் சனங்கள் அந்தப் படங்களில் இருக்கமாட்டார்கள். கொடியில் காயும் சாரன் இருக்காது, பாதையோரம் பீடி சுற்றியபடி குந்தியிருக்கும் அப்பா இருக்கமாட்டார். அவற்றை வெட்டிவிட்டால்தான் படத்துக்குப் "பழைமை" வருமாம். 

இனி எமது கணக்குக்கு வருவோம்.

கொழும்பு கைத்தொழில் நகரமாக வளர்ந்த கதை துறைமுகத்தினதும் புகையிரதத்தினதும் கதை. மலையில் விளைந்த கோப்பி கடலுக்கு வரவேண்டும் என்பதற்காகவே பாதை போடப்பட்டது. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலையும், பின்னர் இறப்பரும் அதே பாதையில் இறங்கின. பேரை வாவிக் கரையில் பண்டகசாலைகள் எழுந்தன. வாவியிலிருந்து துறைமுகத்துக்குப் பாரப் படகுகள் போக மெக்கலம் பெயரில் நீர்க்கதவும் கட்டப்பட்டது. மருதானையில் புகையிரதத் தொழிற்சாலை வந்தது. சுற்றிவர இரும்புப் பட்டறை, எண்ணெய் ஆலை, வண்டிப்பேட்டை. இந்த வரைபடத்தின் மேல் கொழும்பு முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்த இடங்களை வைத்துப் பாருங்கள். மருதானை, மாளிகாவத்தை, தெமட்டகொடை, கொம்பனித்தெரு, கிராண்ட்பாஸ், புறக்கோட்டை. எல்லாமே தண்டவாளத்தின் அல்லது வாவியின் அல்லது ஆற்றுப் பாலத்தின் ஓரம். இது தற்செயலா? சாமான் ஏற்றி இறக்கும் இடத்தில்தான் கடைக்காரனும், கரத்தைக்காரனும், நாட்டாமைத் தொழிலாளியும், அவர்களுக்குச் சோறு போடும் ஹோட்டல்காரனும் குடியிருப்பான்.

1892இல் ஸாஹிராவின் தொடக்கமான மத்ரஸா மருதானையில் எழுந்தது. ஒராபி பாஷாவின் ஊக்கத்தையும் வாப்பிச்சி மரிக்காரின் உழைப்பையும் எமது மலர்கள் ஆண்டுக்கொருமுறை போற்றுகின்றன, போற்றட்டும். ஆனால் வாப்பிச்சி மரிக்கார் யார்? அவர் ஒரு கட்டடக்காரர். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையையும், கோட்டையில் பழைய பிரதம தபால் நிலையத்தையும் கட்டியவர். அவரிடம் வேலை செய்த மேசன்மார், கல்தச்சர், சுண்ணாம்பு சுட்டவர் எத்தனை பேர், எந்தெந்தத் தெருவினர்? வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடும்படி அவர் ஆளுநரிடம் கேட்டாராம் என்ற கதையைச் சொல்லும்போது எமக்கு மெய்சிலிர்க்கின்றது. அவருடைய கூலிப் புத்தகம் எங்கே போயிற்று என்ற கேள்வி யாருக்கும் வருவதில்லை.

களனி ஆற்றுப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1822இல் ஆற்றின் குறுக்கே படகுகளை வரிசையாகக் கட்டி அவற்றின் மேல் பலகை பரப்பித் தோணிப்பாலம் அமைத்தார்கள். ஆற்றில் போக்குவரத்துச் செய்யும் பாதைப் படகுகளுக்காக நடுப்பகுதியைத் திறந்து விடுவார்கள். 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் வந்தது. 1959இல் புதிய களனிப் பாலம். பழைய விக்டோரியாப் பாலத்தின் இடத்தை 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய நட்புறவுப் பாலம் எடுத்துக்கொண்டது. 2021 நவம்பரில் மின்விளக்கு அலங்காரத்துடன் இன்னொன்று திறக்கப்பட்டது. இத்தனை பாலம் வந்தபின்னும் சிங்களத்தில் அந்த இடம் "தொட்டலங்க", அதாவது துறையடி. போர்த்துக்கேயர் வைத்த "கிராண்ட்பாஸ்" என்பதும் பெரிய ஆற்றுத்துறை என்ற பொருளில்தான். இரும்பு போய்விடும், பெயர் நிற்கும். எமது ஊடகங்கள் "கிராண்ட்பாஸ்" என்று எழுதுவது பெரும்பாலும் பள்ளிவாசல் கல்லெறிபட்ட செய்தியில்தான். 2013 ஓகஸ்டில் அப்படி எழுதினோம். அந்தத் துறையில் யார் தோணி வலித்தார், சுங்கம் கொடுத்தார், மாட்டைக் கடத்தினார், தேங்காய் இறக்கினார் என்று எழுதியவர் யார்?

களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் கதை இன்னும் சுவையானது. எமக்கு நெருக்கமானதும் கூட. இரண்டரை அடி இடைவெளியுள்ள சின்னக் கோச்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருதானையிலிருந்து அவிசாவளை வழியாக எட்டியாந்தோட்டை வரை ஓடியது. அவிசாவளையில் பிரிந்த கிளை 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. கொழும்புக்குள்ளே பொரளையில் அந்தப் பாதை கோல்ஃப் திடலை ஊடறுத்துச் செல்கின்றது. துரைமார் பந்தடிக்க, மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து சனங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போகும் காட்சிக்கு எந்தச் சிறுகதை ஆசிரியரும் கற்பனை செலவழிக்கத் தேவையில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் எட்டியாந்தோட்டைப் பகுதியின் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1970களில் இரத்தினபுரிக் கிளை மூடப்பட்டது. எஞ்சியது 1990களில் அகலப் பாதையாக்கப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் போனால், சில இடங்களில் பழைய பாதை தெருவாகிவிட்டது, சில இடங்களில் இறப்பர் மரங்களுக்கிடையே புல் மூடிக் கிடக்கின்றது. ஓடைகளின் இரு கரையிலும் பாலமில்லாத கல்லணைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன.

இரத்தினபுரி என்றதும் எமக்கு என்ன ஞாபகம் வரவேண்டும்? மாணிக்கம். மாணிக்கம் என்றதும் பேருவளை, சீனன்கோட்டை. பேருவளைக்காரர் இரத்தினபுரிக்குப் போக வேண்டுமானால் கரையோரக் கோச்சியில் கொழும்புக்கு வந்து, சின்னக் கோச்சிக்கு மாறிப் போகும் வழி அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. மடியில் முடிந்த கல்லோடு, யாரையும் நம்பாமல், எல்லோரோடும் பேசிக்கொண்டு செய்த பயணம்! பேருவளையைப் பற்றி நூறு கட்டுரை வந்துவிட்டது. கெச்சிமலைப் பள்ளி, அரபு வணிகர் வந்திறங்கிய கதை, கல்வெட்டு, கொடியேற்றம். அந்தப் பெட்டிக்குள் நடந்த வாழ்க்கைக்கு ஒரு பக்கமும் இல்லை. 

ஏன் இப்படி? காரணம் எனக்குத் தெரிந்தவரை பழையது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ராஜரீக ஆசியச் சங்கத்தில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். அரசியற் பிரதிநிதித்துவம் பங்கிடப்பட்ட காலம் அது. எமது முன்னோர் கோபித்தது நியாயமே. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். அந்த மறுப்பு அன்று தேவையாயிருந்தது. ஆனால் அதன்பின் நூறாண்டுக்கு மேலாக நாம் அதே மறுப்பையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கின்றோம். "நீங்கள் யார்?" என்று யார் கேட்டாலும் இரத்தத்தைக் காட்டுகின்றோம். யமன், ஹாஷிம் கிளை, பாய்க்கப்பல். "வந்தேறிகள்" என்று கூச்சலிடுபவனுக்கு, "ஆம், ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முன் வந்தோம்" என்று பதில் சொல்வது எவ்வளவு பலவீனமான பதில் என்று நாம் யோசிப்பதில்லை. இந்த நகரத்தின் கல்லிலும் இரும்பிலும் கலந்த உழைப்பைக் காட்டுவது அதைவிட வலுவான பதில். ஆனால் அதில் வம்சப் பெருமை கிடையாது. அப்பா கரத்தை ஓட்டினார், உம்மம்மா தண்டவாளத்து ஓரத்தில் அப்பம் சுட்டு விற்றார் என்று மலரில் எழுத எமக்கு வெட்கமாக இருக்கின்றது. 

இலக்கியத்திலும் அதே நோய்தான். அறிஞர் சித்திலெப்பையின் "அசன்பே சரித்திரம்" 1885இல் வந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று நாம் மார்தட்டிக்கொள்வது. கதை கெய்ரோவிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடக்கின்றது. ஆசிரியர் வாழ்ந்த கண்டிக்கு அப்போது கோச்சி வந்து பதினெட்டு வருடம். சித்திலெப்பையை நான் குறை கூறவில்லை; அவர் தம் காலத்தில் உலகத்தையே எட்டிப் பார்க்கச் சொன்னவர். பின்வந்த நாம்தான் எட்டிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காலடியைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். விதிவிலக்குகள் உண்டு. நீர்கொழும்பில் பிறந்த இளங்கீரன் "நீதியே நீ கேள்" நாவலில் தொழிலாளர் வாழ்வை எழுதினார். அவரை முற்போக்கு எழுத்தாளர் என்ற பெட்டியில் போட்டு மூடி, முஸ்லிம் இலக்கியப் பட்டியலில் சங்கடத்தோடு ஓரத்தில் வைத்திருக்கின்றோம்.

மொழியையும் பாருங்கள். எமது வீடுகளில் "கோச்சி" என்றுதான் சொல்வோம். போர்த்துக்கேயரின் வண்டிச் சொல் சிங்களத்திலும் எமது பேச்சிலும் ஒரே மாதிரிப் புகுந்துகொண்டது. பேனையை எடுத்ததும் "புகையிரதம்" ஆகிவிடுகின்றது. டீசல் வந்து புகை குறைந்த பின்னும் புகையிரதம்தான்! 

இனி, கமராக்காரரும் பேசாத, நாமும் அரைகுறையாகப் பேசுகின்ற விடயத்துக்கு வருகின்றேன். 1915.

அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே தொடங்கிய கலவரம் சில நாட்களில் கொழும்பு வரை வந்தது. எந்த வழியாக? புகையிரதப் பாதை வழியாக. பாதையோரப் பட்டினங்களில்தான் எமது கடைகள் இருந்தன. கரையோரச் சோனகர் என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம் வணிகர் நிலையத்துக்கு நிலையம் கடை வைத்திருந்தனர். கடை வந்த பாதையிலேயே கொள்ளையும் வந்தது. வதந்தியும் அதே கோச்சியில் ஏறி வந்தது. கொழும்பில் வன்செயலில் இறங்கியோரில் புகையிரதத் தொழிலாளர் முக்கிய பங்கு வகித்ததைத் தொழிலாளர் இயக்க வரலாற்றை எழுதிய குமாரி ஜயவர்தன எடுத்துக்காட்டியுள்ளார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன.

இங்கேதான் எழுத்தாளனுக்கு வேலை இருக்கின்றது. அதே புகையிரதத் தொழிலாளர்கள் 1912இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள். 1923இல் ஏ. ஈ. குணசிங்ஹவின் தலைமையில் கொழும்பை உலுக்கிய பொது வேலைநிறுத்தத்திலும் முன்நின்றவர்கள். 1912க்கும் 1923க்கும் நடுவே 1915 இருக்கின்றது. யுத்த காலத்து விலையேற்றமும், கடனும், கடைக்காரன் மீதான ஆத்திரமும், அதற்கு மதச்சாயம் பூசிய பிரசாரமும் ஒன்றாகச் சேர்ந்த அந்த ஒரு வாரத்தை, சுத்தியல் பிடித்த கையே எப்படிக் கதவை உடைத்தது என்பதை, ஒரு நாவல் தாங்க வேண்டாமா? இடதுசாரி நண்பர்கள் 1912ஐயும் 1923ஐயும் கொண்டாடிவிட்டு 1915ஐத் தாண்டிக் குதிக்கின்றார்கள். சிங்களத் தேசியவாதிகளுக்கு 1915 என்றால் இராணுவச் சட்டமும் ஹென்றி பேதிரிஸின் மரணதண்டனையும்தான். அந்த அடக்குமுறை கொடூரமானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. எமக்கு 1915 என்றால் ஒரு முறைப்பாடு. 2014, 2018, 2019 என்ற பட்டியலை நீட்டும்போது முதலில் வரும் ஒரு இலக்கம். தண்டவாளத்தின் மேல் நின்று மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பவர் எவருமில்லை.

"முஸ்லிம்கள் புகையிரதத்தில் எத்தனை பேர் வேலை செய்தார்கள்? நாம் வியாபாரச் சமூகம்" என்று சிலர் சொல்லக்கூடும். வியாபாரச் சமூகம் என்ற இந்தப் பெயரை எமக்கு முதலில் சூட்டியவர்கள் எம்மை வெறுத்தவர்கள். நாமோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டோம். புறக்கோட்டையில் மூட்டை சுமந்தவன் வியாபாரியா? கொம்பனித்தெருவின் மலாய்ச் சிப்பாயின் மகன் வியாபாரியா? அப்படியே வியாபாரிதான் என்று வைத்துக்கொண்டாலும், நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் கடை வைத்தவன் சரக்கை எதில் கொண்டுபோனான்? 

இன்னொரு வாதம் உண்டு, அது மதிக்கத்தக்கது. "இந்தப் பாதை சுரண்டலுக்காகப் போடப்பட்டது. அதைக் கொண்டாடுவது அடிமை மனப்பான்மை." சுரண்டலுக்காகத்தான் போட்டார்கள். அது வருமுன் தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, பாதி வழியில் கொலராவிலும் பசியிலும் செத்து விழுந்தார்கள். பாதை வந்தபின் அவர்களுடைய வியர்வை மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கியது. நான் கொண்டாடச் சொல்லவில்லை. யாருடைய கையில் கொப்புளம் வந்தது என்று கேட்கச் சொல்கின்றேன். கேட்காவிட்டால் பாதை போட்டவனின் பெயரே மிஞ்சும்.

மஹரையின் கதையைச் சொன்னால் நான் எதைப் பற்றிக் கோபப்படுகின்றேன் என்பது விளங்கும்.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத் தென்மேற்கு அலைதடுப்பின் அத்திவாரக் கல்லை நாட்டினார். பத்து வருடத்தில் அது முடிந்தது. அந்த அலைதடுப்பே கொழும்பை ஆசியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக்கி, காலியை மூலைக்குத் தள்ளியது. அதற்கான கல் எங்கிருந்து வந்தது? றாகமைக்கு அருகில் மஹரைக் கல்லுடைப்பிலிருந்து. உடைத்தவர்கள் கைதிகள். கல்லுடைப்புக்காகவே அங்கே சிறை. உடைத்த கல்லைப் புகையிரதத்தில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று காலிமுகத் திடலில் நின்று அந்த அலைதடுப்பைப் பார்த்து ரசிக்கின்றவர், காலில் சங்கிலி போட்ட மனிதர் உடைத்த கல்லைப் பார்க்கின்றார் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

அந்தச் சிறையில் காவல் உத்தியோகம் பார்த்தவர்களில் மலாயர் பலர். ரைஃபிள் படையணி கலைக்கப்பட்டபின் மலாயர் பொலிஸிலும் சிறையிலும் தீயணைப்பிலும் சேர்ந்தது தெரிந்த விடயம். அந்த மலாயர் மஹரைச் சிறை வளவில் ஒரு பள்ளிவாசலை ஏற்படுத்தினார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அங்கே தொழுகை நடந்தது; சுற்றுவட்டக் குடும்பங்களுக்கும் அதுவே பள்ளி. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதலுக்குப் பின்னர் பள்ளி மூடப்பட்டது. சிறை உத்தியோகத்தரின் ஓய்வறையாக மாற்றப்பட்டு, உள்ளே புத்தர் சிலை வைக்கப்பட்டது.

அப்போது நாம் என்ன செய்தோம்? அறிக்கை விட்டோம், மகஜர் எழுதினோம். மகஜரில் எழுத எமக்கு என்ன இருந்தது? "நூறாண்டு பழைமை வாய்ந்தது" என்ற ஒரு வரி. அந்தப் பள்ளி ஏன் அங்கே வந்தது, அங்கே நின்று தொழுதவர்கள் இந்த நாட்டின் முதற் பெரும் துறைமுகத்தோடு எந்த விதத்தில் இணைந்தவர்கள், கல்லுடைப்பும் கல் ஏற்றிய பாதையும் சிறையும் பள்ளியும் எப்படி ஒரே கதையின் நாலு துண்டுகள் என்று ஒரு சின்னப் புத்தகம்கூட எமது கையில் இருக்கவில்லை. புத்தகம் இருந்திருந்தால் கதவு திறந்திருக்கும் என்று சொல்ல நான் அப்பாவி அல்ல. கதவை மூடியவர்கள் புத்தகம் படித்து மூடவில்லை. ஆனால் மூடப்பட்டது இந்த நகரத்தின் கட்டுமானக் கதையில் ஓர் அத்தியாயம் என்பதைச் சிங்கள வாசகனுக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கமராக்காரனுக்கும் சொல்லியிருக்கலாம். அவர்களில் சிலராவது எம்மோடு நின்றிருப்பார்கள். பழைய மதகொன்றை இடித்தால் கூக்குரலிடும் அந்த மனிதர்களுக்கு, மஹரைப் பாதையைத் தேடிப் போகும்போது அங்கே ஒரு பள்ளி இருந்தது என்று சொல்லிக் கொடுக்காதது யாருடைய தவறு?

கொம்பனித்தெருவிலும் அதுவே நடந்தது. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தபோது, அந்த வீடுகள் "சேரி" என்று சொல்லப்பட்டன. ரைஃபிள் வீதி, மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை என்று தெருப்பெயரே வரலாறு பேசும் பகுதி அது. 1869இல் பாபா யூனுஸ் ஸல்தீன் "அலாமத் லங்காபுரி" என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்ட நகரத்தில், மலாயரின் தெருக்கள் சேரி என்று அழைக்கப்பட்டதை மறுத்து எழுத எமது சஞ்சிகைகளில் எத்தனை பக்கம் ஒதுக்கப்பட்டது? அழகான பழைய கொம்பனித்தெருப் புகையிரத நிலையத்தைப் பாதுகாக்கக் குரல் கொடுத்தவர்கள் உண்டு. நிலையத்தில் இறங்கி வீட்டுக்குப் போன மனிதரின் வீட்டுக்குக் குரல் கிடைக்கவில்லை. களனிப் பள்ளத்தாக்குப் பாதையை விரிவாக்கும் திட்டங்கள் பேசப்படும்போதெல்லாம் பாதையோரக் குடிகளை எண்ணிக் கணக்கெடுக்கின்றார்கள். எத்தனை வீடு, எத்தனை சதுர அடி. எத்தனை தலைமுறை என்ற நிரல் அந்தப் படிவங்களுக்குத் தேவைப்படுவதில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்.

எழுதுவதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: தேடாமல் இல்லை என்று சொல்லாதீர்கள். மாளிகாவத்தையிலும் தெமட்டகொடையிலும் லோக்கோ யாட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற மூத்தவர்கள் இன்னும் இருக்கின்றார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களின் பழைய கூட்டறிக்கைக் கொப்பிகள் பல, கறையான் அரித்தது போக, அலுமாரிகளில் கிடக்கின்றன. பள்ளிக்கு மாதச் சந்தா கொடுத்தவர் பட்டியலில் தொழிலும் குறிக்கப்பட்டிருக்கும். மையவாடிப் பதிவுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முஸ்லிம் விவாகப் பதிவேடுகள். மாப்பிள்ளையின் தொழில் என்று அதில் ஒரு நிரல் இருக்கின்றது. எமது ஆய்வாளர்கள் அந்தப் பதிவேடுகளைத் திறப்பது மஹர் எவ்வளவு, குடும்பப் பெயர் என்ன என்று பார்க்கத்தான். அந்த ஒரு நிரலை மட்டும் மருதானைப் பகுதியில் ஐம்பது வருடத்துக்கு ஒருவர் உட்கார்ந்து பிரதி எடுக்கட்டும். அதில் எத்தனை பயர்மன், எத்தனை போயின்ட்ஸ்மன், எத்தனை கரத்தைக்காரன், எத்தனை டொக் கூலி என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதன்பின் அந்த எழுத்தாள நண்பர் இன்னொரு கூட்டத்துக்கு வந்து, எமக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கட்டும்.